புறஞ்சேரியில் புதுக் குடித்தனம்

மதுரையின் வடமேற்கு ஓரத்திலுள்ள ஆனையூர், ஊராயிருந்து நகராகிய இடங்களுள் ஒன்று. தனி நகராட்சியாக இயங்கிவந்த அது, 2011-ஆம் ஆண்டில் அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளோடு சேர்ந்து மதுரை மாநகராட்சிக்குள் வந்தது. அவ்விணைப்பினால் மாநகரின் பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராயிற்று. வார்டுகள் 72-இலிருந்து 100 ஆயின. அவ்வாண்டுக் குடிக்கணக்கின்படி ஆனையூரில் மட்டும் 60,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இவர்களுள் அங்கேயே பிறந்து வளர்ந்தோர் ஒரு பகுதியினரே. உசிலம்பட்டிப் பக்கமிருந்தும், மேலூர், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர்ச் சீமைகளிலிருந்தும் பிழைப்பை நாடி வந்தோர் பலர். திருமணமான சில வாரங்களிலேயே இரண்டு பெட்டிகளுடனும் ஒரு பாத்திர மூட்டையுடனும் வந்து இறங்கிய இளந்தம்பதியர் அவர்களுள் மிகுதி.

ஒரு தம்பதி புதிய நகரில் வேரூன்றுவதற்கு எவையெவை வேண்டும், அதில் திருச்சபைக்கு உள்ள பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். சிறு பொருள் என்று இதனைச் சிலர் கருதலாம். ஆனால் நம் சபைப் பதிவேடுகளைக் கையாண்டு பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். ஊர்ச் சபையின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. நகர்ச் சபையில் ஆள் இருக்கிறார், பெயர் இல்லை. இரண்டு பதிவேடுகளுக்கும் இடையில் விழுந்துபோகிறவர்களைத் தேடிச் செல்ல வேண்டியவர் யார் என்று எந்தச் சபை விதியும் தெளிவாகக் கூறுவதில்லை.

முதலில் வீடு. மதுரையில் வீடு வாடகைக்குக் கிடைக்கும், ஒத்திக்கும் கிடைக்கும். ஒத்தியாவது, ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, வாடகையின்றி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. அத்தொகைக்காகப் பல வேளைகளில் மணப்பெண்ணின் நகையே அடகுக்கோ விற்பனைக்கோ போகிறது. வாடகை வீடாயின் முன்பணம் கேட்பார்கள். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், குத்தகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் அது பதியப்பட வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் வரையறுக்கிறது. இதனை அறியாமல் பத்து மாத வாடகையைக் கேட்டவுடன் கொடுத்துவிடுகிற இளைஞர்கள் பலர். திருமண ஆயத்த வகுப்பில் அன்பைப்பற்றி ஆறு மணி நேரம் பேசுகிற நாம், இதற்கென ஒரு கால்மணி நேரத்தை ஒதுக்கினால் நட்டமில்லை.

வீட்டைத் தொடர்ந்து குடும்ப அட்டை. பெற்றோரின் அட்டைகளிலிருந்து இருவர் பெயரும் நீக்கப்பட்ட பின்னரே புதிய அட்டைக்கு வழி பிறக்கும். பிறகு எரிவாயு இணைப்பு, ஆதாரில் முகவரி மாற்றம், வங்கிக் கணக்கு என ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வரும் சங்கிலி. இவற்றில் பலவற்றிற்கு மூலமாக நிற்பது திருமணச் சான்று. அதனைக் கையொப்பமிட்டுத் தருகிற ஆயர், மணமக்கள் ஊரைவிட்டுப் புறப்படுமுன் அது அவர்கள் கைக்குச் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பாராயின், ஒரு பயணச் செலவையும் ஒரு நாள் கூலியையும் அவர்களுக்கு மிச்சப்படுத்தியவராவார்.

தண்ணீர் எந்நாளில் வரும், எந்நேரத்தில் வரும், குடத்தை எங்கே வைக்க வேண்டும் என்பவை எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வீடுகள் இருக்குமிடத்தில் குழாயடி முறை, வாசல் தெளிக்கும் முறை, மாடியில் துணி உலர்த்தும் முறை ஆகியவற்றைப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிய வேண்டும். ஆகவே குடியேறுதல் என்பது ஓர் இடத்தைப் பெறுதல் மட்டுமன்று. அவ்விடத்தில் ஒருவருக்கு அறிமுகமாதலும் ஆகும். இந்த இரண்டாவது பகுதியைப்பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய நகரில் குடித்தனம் தொடங்க வந்த தம்பதியரின் வரலாற்றை மதுரைக்கு வெளியே தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் சொல்லும் கோவலனும் கண்ணகியும் அத்தகையோரே. புகாரில் திருமணம் முடிந்தபின் கோவலனின் தாய் அவர்களுக்குத் தனிமனை அமைத்து, வேண்டிய செல்வமெல்லாம் கொடுத்து வைத்தாள். எல்லாம் இருந்த அந்த வீட்டில் இல்லறம் நிலைக்கவில்லை. செல்வமெல்லாம் கரைந்தபின், ஒரு சிலம்பை முதலாகக் கொண்டு வாழ்வைப் புதிதாகத் தொடங்கலாம் என்று எண்ணி, முப்பது காதத் தொலைவை நடந்து மதுரையின் புறஞ்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். வழித்துணையாய் வந்தவர் சமணத் துறவியாகிய கவுந்தியடிகள். துறவியர் தங்குமிடத்தில் இல்லறத்தார் தங்குவது பொருந்தாதாகையால், கோவலனின் நிலையறிந்த மதுரை வணிகர் அவனை ஏற்றுக்கொள்வார்கள், பொழுது சாயுமுன் நகருக்குள் செல்க என்று அறிவுறுத்தினார்கள். அவ்வேளையில் அவ்வழியே வந்த மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்புவித்தார். தாயும் தோழியருமாக நீயே இருந்து இவளைக் காத்துக்கொள் என்ற பொருள்பட அவர் கூறுகிறார்.

மாதரி செய்தவற்றை நம் வாசகர்கள் மூலத்திலேயே ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். செம்மண் பூசிய, பந்தலிட்ட, காவலுள்ள சிறு வீடொன்றை அவர்களுக்கென ஒதுக்கினாள். வந்தவர்கள் நோன்பு நெறியினர் என்பதை அறிந்து, அவர்கள் வழக்கப்படி அவர்களே சமைத்துண்பதற்காகப் புதுப் பாத்திரங்களையும், பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி, தன் வீட்டுப் பாற்பயன் ஆகியவற்றையும் கொடுத்தாள். தன் மகள் ஐயையைத் துணையாக விட்டாள். கண்ணகி காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, அடுப்பனலில் கண் சிவக்கிறது. வாழைக்குருத்தில் கணவனுக்கு உணவு படைக்கிறாள். புகாரின் மாளிகையில் நடவாத ஒன்று, இரவற் பாத்திரத்தில் நடந்தேறியது. விருந்தினர் எதை உண்பர் என்று கேட்டறிந்து கொடுப்பதை மாதரி அறிந்திருந்தாள். புதிதாக வந்தவர்களிடம் நம் வழக்கங்களை முதல் நாளிலேயே சுமத்துகிற சபைகள் இதில் கற்றுக்கொள்வதற்கு நிறைய உண்டு.

அடுத்து நடந்ததை நாடறியும். கோவலன் சிலம்பை விற்கத் தனியே நகருக்குள் சென்றான். பொற்கொல்லன் அவனைக் கள்வன் என்றான். அரசன் ஆராயாமல் ஆணையிட்டான். அவன் உயிர் நீத்த இடம் இதுவென்று பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்னும் இடத்தை இன்றும் காட்டுவார்கள். அரசனின் நீதி தவறியதைப்பற்றி மேடைகளில் நிறையப் பேசப்பட்டுவிட்டது. நம் பொருளுக்கு வேண்டிய செய்தி வேறு. இவன் மாசாத்துவானின் மகன், இவனை நாங்கள் அறிவோம் என்று சொல்லத்தக்க ஒருவரும் அக்கடைத்தெருவில் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. மதுரை வணிகரின் அறிமுகத்தைப் பெறுமுன்னே அவன் பொருளோடு தெருவில் இறங்கிவிட்டான். அவர்களுக்கு வீடு கிடைத்தது, உணவு கிடைத்தது, மாதரியைப்போன்ற ஒரு தாயும் கிடைத்தாள். நகருக்குள் சாட்சி சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அடைக்கலப்பொருளை இழந்தேன் என்று மாதரி தீயில் இறங்கினாள், கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார் என்று அக்காப்பியம் பிற்பகுதியில் தெரிவிக்கிறது. ஏற்றுக்கொண்ட பொறுப்பு அவ்வளவு பெரிது என்று அக்காலத்தார் எண்ணினர். சபை மேய்ப்பரை ஆயர் என்று அழைக்கும் நமக்கு, மாதரியும் ஆயர்குடியினள் என்பது நினைவிருக்கட்டும்.

திருமறையில் இதற்கு இணையாக நிற்பவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். பொந்து தேசத்தில் பிறந்தவர் ஆக்கில்லா, ரோமாபுரியில் வாழ்ந்துவந்த இத்தம்பதியர், யூதரெல்லாரும் வெளியேற வேண்டும் என்ற கிலவுதியு பேரரசனின் கட்டளையால் கொரிந்துவுக்கு வந்தார்கள் (அப். 18:2). அக்கட்டளையைக் கி.பி. 49-ஐ ஒட்டியதாக ஆய்வாளர் பலர் கொள்வர். கல்லியோன் அகாயாவின் அதிபதியாயிருந்த காலத்தை ஏறத்தாழ 51-52 எனக் காட்டும் தெல்பிக் கல்வெட்டு இதனோடு ஒத்துப்போகிறது. கொரிந்துவும் புதுக்குடிகளின் நகரமே. ரோமரால் அழிக்கப்பட்டு நெடுங்காலம் பாழாய்க் கிடந்த அதனை, கி.மு. 44-இல் யூலியு சீசர் குடியேற்ற நகராக மீண்டும் நிறுவினான். அங்கே எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்களின் வழிவந்தோரே. இத்தம்பதி கைத்தொழிலாகிய கூடாரத் தொழிலைக் கையில் எடுத்தார்கள். தாங்களே வந்து சில காலமே ஆகியிருக்க, தனியாய் வந்த பவுலைத் தங்களோடு தங்கவைத்து வேலையும் கொடுத்தார்கள். புதிதாய் வந்தவர்களே புதிதாய் வந்தவரை எளிதில் அடையாளம் காண்கிறார்கள் என்பது ஆனையூரின் தெருக்களிலும் நாம் காணக்கூடியதே.

பின்னர் அவர்கள் எபேசுவுக்குச் சென்றார்கள்; அங்கே அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடிற்று (1 கொரி. 16:19). கிலவுதியு 54-இல் இறந்தபின் ரோமாபுரிக்குத் திரும்பியிருக்க வேண்டும்; அங்கேயும் அவர்கள் வீட்டில் சபை கூடிற்று (ரோமர் 16:3-5). மூன்று நகரங்கள், மூன்று முறை வீடு மாற்றம். எத்தனை முறை மூட்டை கட்டினாலும் அவர்கள் வீட்டுக் கதவு ஒரே விதமாகத் திறந்திருந்தது. புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் இருவரும் ஒன்றாகவே குறிக்கப்படுகின்றனர். பழமையான கிரேக்கப் படிகளின்படி அவற்றுள் நான்கில் மனைவியின் பெயரே முதலில் நிற்கிறது. நம் பழைய திருப்புதலில் அப். 18:26-இல் கணவர் பெயர் முந்தி வருவது, அது தழுவிய மூலப்படியின் வேறுபாட்டினால் ஆகும். பிரிஸ்கில்லாள் முதலில் நிற்பதன் காரணத்தைப்பற்றிப் பல கருத்துகள் உண்டு. அவள் கணவனின் நிழலில் ஒதுங்கியிருந்தவள் அல்லள் என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்.

இங்கே தமிழ்க் குடும்ப வழக்கத்தைப்பற்றி ஒரு வார்த்தை. தகப்பனையும் தாயையும் விட்டுத் தன் மனைவியோடு இசைந்திருப்பவனாக ஆதியாகமம் புருஷனைத்தான் கூறுகிறது. நம் ஊர்களில் விட்டு வருகிறவள் பெண். அவன் தன் வீட்டில், தன் தெருவில், தன் தாயின் சமையலில் இருக்க, அவள் மட்டுமே புதியவள். நகரக் குடியேற்றத்தில் இருவரும் ஒருசேரப் புதியவர்களாகிறார்கள். இது ஒரு நன்மை. ஆயின் அந்த நன்மை பாதி நாளுக்குத்தான். காலை எட்டரை மணிக்குக் கணவன் வேலைக்குப் புறப்பட்டபின், தன் வேலையை ஊரில் விட்டுவிட்டு வந்த இளம் மனைவி மாலைவரை நான்கு சுவர்களுக்குள் இருக்கிறாள். அவனுக்குத் தொழிற்கூடத்தில் ஆட்கள் அறிமுகமாகிறார்கள். அவளுக்குத் தண்ணீர்க் குழாயடியே உலகம். கைப்பேசியில் தாயோடு பேசுவது ஆறுதல்தான், ஆனால் காய்ச்சல் வந்த நாளில் கஞ்சி வைத்துத் தருவதற்குக் கைப்பேசி உதவாது. மனைவியின் தனிமையையும், கணவன் அதனை உணராமையையும் முதல் ஆண்டின் மனத்தாங்கல்களில் திரும்பத்திரும்பக் காண்கிறோம். வரதட்சணையும் மாமியாரும் காரணமாகாத மனத்தாங்கல்கள் உண்டென்று நம் ஆலோசனை நூல்கள் குறைவாகவே நினைக்கின்றன.

புதிதாக மணந்தவன் போருக்குப் போகலாகாது, பொதுவேலை யாதொன்றும் அவன்மேல் சுமத்தப்படலாகாது, ஓராண்டு தன் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்பது உபாகமத்தின் ஏற்பாடு (24:5). நம் சபைகளோ இதற்கு நேர்மாறு. படித்த இளந்தம்பதி ஒன்று ஆலயத்திற்கு வந்த மூன்றாம் ஞாயிற்றிலேயே மனைவிக்கு ஞாயிறு பள்ளி, கணவனுக்கு வாலிபர் சங்கச் செயலர் பதவி, இருவருக்கும் பாடகர் குழு! இது வரவேற்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளையும் நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பதே உண்மை.

இனி அறிமுகக் கடிதத்திற்கு வருவோம். ஆதித் திருச்சபை பயணிகளின் திருச்சபை. கடிதம் இல்லாமல் அது நடந்திருக்க முடியாது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளை ரோமாபுரியார் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 16:1-2). அப்பொல்லோ அகாயாவுக்குப் போக விரும்பியபோது, எபேசுவின் சகோதரர்கள் அங்குள்ள சீஷருக்கு எழுதினார்கள் (அப். 18:27), அந்தச் சகோதரர்களின் நடுவே ஆக்கில்லாளும் பிரிஸ்கில்லாளும் இருந்தனர் என்பதை முந்திய வசனம் காட்டுகிறது. இக்கடிதங்களின் நோக்கம், வருகிறவருக்குக் கதவைத் திறப்பது. காலப்போக்கில் அதுவே உறுப்பினர் மாற்றுச் சான்று என்னும் தாளாகி, அத்தாள் இல்லாதவருக்குக் கதவை அடைப்பதற்குப் பயன்படுகிறது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று வரும்போதுதான் நகர்ச் சபை, எங்கே உங்கள் சான்று என்று கேட்கிறது. அதற்குள் இரண்டாண்டுகள் கழிந்திருக்கும்.

ஊர்ச் சபை அச்சான்றைத் தரத் தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு. பெயர் போனால் சந்தா போகும். தேர்தல் காலத்தில் ஒரு வாக்கும் போகும். இக்காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தம்பதியரும் தயங்குகிறார்கள், பெற்றோரின் கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது, அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமசுக்கும் அங்கேதான் போகிறார்கள். இதனைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. ஒருவனுக்கு இரண்டு ஊர் இருக்கலாகாது என்று திருமறை எங்கும் கூறவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய நிருபம், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்நகரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றது (எரே. 29:5-7), எருசலேமை மறந்துவிடுங்கள் என்று அது சொல்லவில்லை.

சான்று கொண்டுவர இயலாத தம்பதியரும் உள்ளனர். சாதி கடந்து மணந்து, இரு வீட்டாருக்கும் அஞ்சி மதுரையின் ஓரத்தில் வீடு தேடுவோர் அவர்கள். எந்த ஊர் என்று வீட்டுக்காரர் கேட்கும் கேள்வியின் உட்பொருளை அவர்கள் நன்கறிவார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். ஆலயத்தில் நம் மூப்பர் ஒருவர் அதே கேள்வியை அதே குரலில் கேட்பாராயின், அவர்கள் மறு ஞாயிறு வரமாட்டார்கள். வயதுவந்த இருவரின் திருமணத்தில் எந்தக் கூட்டமும் தலையிடுதல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2018 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகையோரைக் காக்க மாவட்டந்தோறும் காவல்துறையும் சமூகநலத் துறையும் சேர்ந்த தனிப்பிரிவுகள் அமைய வேண்டும் என்றும், பாதுகாப்பு இல்லங்களைப்பற்றி அரசுகள் எண்ண வேண்டும் என்றும் பணித்தது. ஒவ்வொரு ஆயரும் இத்தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். இவர்களைப்பற்றி ஊர்ச் சபைக்கு எழுதி விசாரிப்பது மற்ற தம்பதியருக்கு நன்மை. இவர்களுக்கோ அது உயிருக்கு ஆபத்தாகக்கூடும். அவர்கள் ஒப்புதலின்றி அவர்கள் இருக்குமிடம் ஆலய அறிவிப்பிலோ, சபைக் குழுவினரின் கைப்பேசிச் செய்தியிலோ வெளிவரலாகாது. கோவலனுக்காக நிற்க ஒருவருமில்லாத தெரு இவர்களுக்கு இன்னும் முடிந்துபோன கதையன்று. இவ்விடத்தில் சாட்சியாக நிற்க வேண்டியவர் நகர்ச் சபையின் ஆயரே.

மற்றத் தம்பதியரைப் பொறுத்தவரை முறை எளியது. சான்று அவர்களுக்குப் பின்னால் வருவதற்குப் பதிலாகக் கடிதம் அவர்களுக்கு முன்னால் போகட்டும். திருமணத்தை நடத்தும் ஆயர், மணமக்கள் எந்த நகருக்குச் செல்கிறார்கள் என்பதை அறிக்கை வாசிக்கும் வாரங்களிலேயே கேட்டறிந்து, அவர்கள் இசைவோடு அப்பகுதி ஆயருக்கு நான்கு வரி எழுதலாம்: பெயர்கள், குடியேறும் தெரு, புறப்படும் நாள், கைப்பேசி எண். தொழிலும் தேவையும் இருப்பின் அவையும். சாதியைக் குறிக்கும் சொல் எதுவும் வேண்டா. பெறுகிற ஆயர் தாமே ஓடிப்போக வேண்டியதில்லை. ஒரு பெரிய சேகரத்தில் அது இயலாது. அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ இருக்கும் வயதுமுதிர்ந்த அம்மா ஒருவரிடம் அக்கடிதத்தைக் காட்டினால் போதும். அவர் வார நாளொன்றில், காலை பதினொரு மணியளவில், கணவன் வேலைக்குச் சென்றபின் போகட்டும்; தண்ணீர் வரும் நாளையும், நல்ல மருத்துவர் இருக்குமிடத்தையும், பால் ஊற்றுகிறவரின் எண்ணையும் சொல்லிவிட்டு வரட்டும். முதல் வருகையில் சங்கச் சந்தாவைப்பற்றிப் பேச வேண்டா. உறுப்பினர் மாற்றம், அவர்கள் விரும்பினால், ஓராண்டு கழித்து நடக்கலாம்.